மூளைப் பெப்டைடுக்கு மண்ணீரலில் என்ன வேலை? அப்பாவின் காலியம் ஸ்கேன் பற்றி ஒரு சந்தேகம்

#1 வெண்ணாறு

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது) என்று அறுவை செய்து எடுத்தார்கள். அதன்பிறகு மாதம் தவறாமல் ஆக்ட்ரியோடைடு ஊசி. சோமடோஸ்டாட்டின் என்ற பெப்டைடை, அதாவது சின்ன அமினோ அமிலச் சங்கிலியை, போலச் செய்த மருந்து அது. போன வாரம் காலியம்-68 டோட்டாடேட் ஸ்கேன் எடுத்தோம், அதுவும் சோமடோஸ்டாட்டின் ஏற்பியைத் தேடும் ஸ்கேன்தான். ரிப்போர்ட்டில் "மண்ணீரல், சிறுநீரகங்கள், அட்ரினல், பிட்யூட்டரி, கல்லீரல் ஆகியவற்றில் இயல்பான ஏற்பு" என்று ஒரு வரி, அதாவது செலுத்திய மருந்து அங்கே சேர்வது இயல்பு. அடுத்த வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது: கணையத்தின் வால் பகுதியில் 1.2 செ.மீ. அளவில் அழுத்தமான ஏற்பு, துணை மண்ணீரலாக இருக்கலாம், கட்டி இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவும்.

டாக்டரை அடுத்த வியாழன்தான் பார்க்க முடியும். சிகிச்சை ஆலோசனை கேட்டு இங்கே வரவில்லை. நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவன், இந்த ரிப்போர்ட் எனக்குப் புரிய வேண்டும். சோமடோஸ்டாட்டின் என்பது 1973-ல் செம்மறியாட்டு மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து பிரித்தெடுத்த பொருள், வளர்ச்சி ஹார்மோனைக் கட்டுப்படுத்துவது என்று படித்தேன். மூளைக்கான அந்தப் பெப்டைடின் ஏற்பி, அதாவது அது போய் ஒட்டும் செல் புரதம், மண்ணீரலில் எதற்கு? படத்தில் அப்பாவின் மூளை இருட்டாக இருக்கிறது, மண்ணீரல் தகதகக்கிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

#2 காமாகேமரா

வெண்ணாறு சார், நான் நியூக்ளியர் மெடிசின் டெக்னீஷியன். 12 வருடமாக இந்தக் கேமரா பக்கத்தில்தான் வேலை. படம் எப்படி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன், அதிலேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்பாவுக்கு ஏற்றியது சோமடோஸ்டாட்டின் இல்லை. அது ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் சிதைந்துவிடும். அதன் 14 அமினோ அமிலங்களில் ஏற்பியைப் பிடிக்கும் பகுதியை வைத்துக்கொண்டு, 8 அமினோ அமிலத்தில் சுருக்கிச் செய்த பெப்டைடு இது. அதன் ஒரு முனையில் டோட்டா என்ற கூண்டு, கூண்டுக்குள் காலியம்-68. அந்தக் காலியம் 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் ஊசி போட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, உடனே படுக்கவைக்கிறோம். பெப்டைடு போய் எஸ்எஸ்டி2 என்ற ஏற்பியில் உட்காரும், ஏற்பி அதை செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது சீக்கிரம் வெளியே வராது. படத்தில் தெரிவது அதுதான்.

இப்போது உங்கள் மூளைக் கேள்வி. மூளைக்குள் எஸ்எஸ்டி2 ஏராளமாக இருக்கிறது. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி எங்கள் மருந்து உள்ளே போகாது. போகாத இடம் எப்படி மின்னும்? பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பது, அதனால் நடு மண்டைக்குக் கீழே பட்டாணி மாதிரி ஒரு புள்ளி தெரியும். அப்பாவின் படத்திலும் இருக்கும், பாருங்கள்.

சிறுநீரகம் இதற்கு நேர் எதிர். அங்கே ஏற்பி கொஞ்சம் உண்டு, ஆனால் அந்த மினுக்கத்தின் பெரும்பகுதிக்கும் ஏற்பிக்கும் சம்பந்தம் இல்லை. சின்னப் பெப்டைடு என்பதால் சிறுநீரகத்தில் வடிகட்டப்படுகிறது, அங்குள்ள நுண்குழாய்ச் செல்கள் புரதத் துணுக்கு எது வந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவை, இதையும் எடுத்துக்கொள்கின்றன. இதே பெப்டைடில் லுட்டீசியம்-177 ஏற்றி சிகிச்சை தரும்போது பார்த்திருப்பீர்கள், பக்கத்திலேயே லைசின், ஆர்ஜினின் கலந்த டிரிப் மணிக்கணக்காக ஓடும். அந்த அமினோ அமிலங்கள் நுண்குழாயில் போட்டிக்கு நின்று, மருந்து சிறுநீரகத்தில் தங்குவதைக் குறைக்கின்றன. ஏற்பியால் வந்த மினுக்கம் என்றால் அமினோ அமிலத்தால் அது குறைந்திருக்காது.

மண்ணீரல் மினுங்குவது உண்மையான ஏற்பியால்தான். ஏன் அங்கே என்று கண்ணாடித்தட்டு அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

#3 கண்ணாடித்தட்டு

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. திசுவியல் என் துறை. வெண்ணாறு சார், உங்கள் கேள்வியில் "மூளைக்கான பெப்டைடு" என்று இருக்கிறது பாருங்கள், அதை முதலில் எடுத்துவிடலாம். பெயரால் வந்த குழப்பம் அது.

இந்தப் பெப்டைடுகளில் பலவற்றை மூளைக்கு வெளியேதான் முதலில் கண்டார்கள். சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடை 1931-ல் ஃபான் ஆய்லரும் காடமும் குதிரையின் குடல், மூளை இரண்டின் சாற்றிலும் கண்டார்கள். முயலின் குடல் துண்டு அதில் சுருங்கியது, முயலின் ரத்த அழுத்தம் இறங்கியது. விஐபி என்ற பெப்டைடை 1970-ல் சயீதும் முட்டும் பன்றியின் சிறுகுடலிலிருந்து பிரித்தார்கள், நரம்புகளில் அது இருப்பது பின்னால்தான் தெரிந்தது. கோலெசிஸ்டோகைனின் 1928-லேயே பித்தப்பையைச் சுருக்கும் பொருளாக அறிமுகம், மூளையில் கண்டது 1975-ல். நியூரோடென்சினை மூளையில் கண்டு அந்தப் பெயர் வைத்தார்கள், ஆனால் உடம்பிலுள்ள நியூரோடென்சினில் பெரும்பகுதி சிறுகுடலில் இருக்கிறது. எங்கே முதலில் தேடினார்களோ அந்த இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

மண்ணீரலுக்கு வருகிறேன். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரூபி என்பவரின் குழு, மனிதத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்கம் ஏற்றிய பெப்டைடை அதன் மேல் ஊற்றி, கழுவி, ஃபிலிமில் பதியவைத்துப் பார்த்தார்கள். 1998-ல் நிணநீர் உறுப்புகளில் மூன்று பெப்டைடுகளின் ஏற்பிகளை அப்படி ஒப்பிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று. ஒரே நிணநீர் முடிச்சுக்குள் விஐபி ஏற்பி டி-செல்கள் கூடும் பகுதியில், சோமடோஸ்டாட்டின் ஏற்பி பி-செல்கள் பெருகும் மையங்களில், சப்ஸ்டன்ஸ் பி ஏற்பி ரத்தக்குழாய்ச் சுவரில். ஒரு வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி, அவரவர் அறை அவரவர்க்கு. மண்ணீரலில் சோமடோஸ்டாட்டின் ஏற்பி சிவப்புக்கூழ் என்ற பகுதியில் அடர்த்தியாக இருக்கிறது. உங்கள் அப்பாவின் படத்தில் தகதகப்பது அதுதான்.

அங்கே அது என்ன செய்கிறது என்றால், எதிர்ப்புச் செல்களின் பெருக்கத்தையும் சுரப்பையும் மட்டுப்படுத்துகிறது என்று சோதனைக்கூட ஆதாரம் இருக்கிறது. சோமடோஸ்டாட்டின் எங்கே போனாலும் குறைக்கிற வேலைதான். பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோன், கணையத்தில் இன்சுலினும் குளுக்ககானும், வயிற்றில் அமிலம், குடலில் சுரப்பு, எல்லாமே குறையும்.

#4 மாத்திரைப்பெட்டி

மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில், மூளைக்கு வெளியே வேலை செய்யும் ஏற்பிக்கு இன்னொரு உதாரணம் சேர்க்கிறேன். வயிற்றுப்போக்குக்கு லோபரமைடு கேட்டு வராத நாள் கிடையாது. அது ஓபியாய்டு வகை, மார்ஃபினின் தூரத்து உறவு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். குடல் சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே வலை மாதிரி ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது, அந்தப் பின்னலில் மியூ ஓபியாய்டு ஏற்பி. லோபரமைடு அங்கே உட்கார்ந்ததும் குடலின் தள்ளும் அசைவு குறைகிறது. சொன்ன அளவில் சாப்பிட்டால் மூளைக்குள் அது தங்காது, தடுப்புச் சுவரில் உள்ள ஒரு பம்ப் வெளியே தள்ளிவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும், அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு டாக்டர்கள் எழுதும் ரேசிகாடோட்ரில் பவுடர் வேறு வழியில் போகிறது. நம் குடலே சுரக்கும் என்கெஃபலின் என்ற பெப்டைடை உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. என்கெஃபலின் கூடுதல் நேரம் இருந்து, குடல் சுவரின் டெல்டா ஏற்பி வழியாக நீர் கொட்டுவதைக் குறைக்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு மேல் துணையாகத்தான் இது.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் வாங்குகிறவர்களின் வீட்டார் ஒவ்வொரு முறையும் கேட்பது மலச்சிக்கல் பற்றி. மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மலமிளக்கி எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் நான் மார்ஃபின் கொடுப்பதில்லை.

#5 கண்ணாடித்தட்டு

மாத்திரைப்பெட்டி அண்ணன் என்கெஃபலினைத் தொட்டதால் சொல்கிறேன். 1975-ல் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைச் சாற்றிலிருந்து அதைக் கண்டுபிடித்தபோது, "இதில் ஓபியாய்டு இருக்கிறதா" என்று சோதித்த கருவி எது தெரியுமா? கினிப்பன்றியின் குடல் துண்டும், சுண்டெலியின் விந்துநாளமும். மின்சாரம் கொடுத்தால் அந்தத் தசை துடிக்கும், சாற்றை ஊற்றினால் துடிப்பு அடங்கும், ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் நலாக்சோன் விட்டால் திரும்ப எழும். மூளையின் சொந்த வலிநிவாரணியை அடையாளம் காட்டியது மூளைக்கு வெளியே இருந்த ஏற்பிதான்.

#6 வெண்ணாறு

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. படித்துவிட்டு அப்பாவுக்கும் சொன்னேன். "என் மண்ணீரல் விளக்கு மாதிரி இருக்காமே" என்று அம்மாவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

இரண்டு கேள்வி. ஊசி ஆரம்பித்த பிறகு அப்பாவுக்கு சர்க்கரை ஏறியது, ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் வந்தது. இதுவும் ஏற்பியால்தானா? இன்னொன்று முக்கியம். சிறுநீரகம் மின்னியும் அங்கே பெரிதாக ஏற்பி இல்லை, மூளை மின்னாமலே நிறைய ஏற்பி இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் "இந்த ஏற்பி இந்தத் திசுவில் இருக்கிறது" என்று பாடப்புத்தக அட்டவணையில் போடுகிறார்களே, அதை எப்படித்தான் உறுதிசெய்கிறார்கள்?

#7 கண்ணாடித்தட்டு

முதல் கேள்விக்கு ஆமாம். கணையத்தில் குளுக்ககான் செல்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டி2, இன்சுலின் செல்களில் எஸ்எஸ்டி5-ம் சேர்ந்து இருக்கிறது. இரண்டு ஹார்மோனையும் ஊசி குறைப்பதால் சிலருக்கு சர்க்கரை ஏறும், சிலருக்கு இறங்கும். எஸ்எஸ்டி5-ஐ பலமாகப் பிடிக்கும் பேசிரியோடைடு என்ற தம்பி மருந்தில் சர்க்கரை ஏறுவது இன்னும் அதிகம். பித்தப்பை, சாப்பிட்டதும் சரியாகச் சுருங்காமல் பித்தம் தேங்குவதால் கல். டாக்டரிடம் இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் துறையில் பலர் கேட்காமல் கடந்துபோகும் கேள்வி அது.

பி.எச்.டி.யின் இரண்டாம் வருடம் எனக்கு நடந்தது இது. ஒரு நரம்புப் பெப்டைடின் ஏற்பி எலியின் சிறுநீர்ப்பையில் எங்கே இருக்கிறது என்று அந்த ஏற்பியை மட்டும் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி போட்டுச் சாயமேற்றிக்கொண்டிருந்தேன். படம் அற்புதமாக வந்தது. பழுப்பு நிறம் தசை அடுக்கில் மட்டும், சுற்றிலும் சுத்தமான நீலம். போஸ்டர் அடித்தாயிற்று. பக்கத்துக் கூடத்தில் அந்த ஏற்பியின் மரபணுவே நீக்கிய எலி இருந்தது. என் வழிகாட்டி அதன் சிறுநீர்ப்பையை வாங்கி அதே ஆன்டிபாடியைப் போடச் சொன்னார். அதிலும் அதே பழுப்பு, அதே அடுக்கு. இல்லாத ஏற்பிக்கு அவ்வளவு அழகான படம். ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்திருந்தது. எட்டு மாத வேலை போயிற்று. அன்று அழுதேன், ஆனால் அந்தக் கண்ணாடித் தட்டை இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேருகிற மாணவர்களுக்குக் காட்ட.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இந்த வகை ஏற்பிகளுக்கான ஆன்டிபாடிகள் நம்பகமானவையா என்று 2009-ல் ஒரு மருந்தியல் இதழ் வரிசையாகக் கட்டுரைகள் போட்டது, பலவும் தேறவில்லை. தேறியவையும் உண்டு. உங்கள் அப்பாவின் கட்டியில் எஸ்எஸ்டி2 சாயம் போட்டிருந்தால், அநேகமாக யுஎம்பி-1 என்ற ஆன்டிபாடியாக இருக்கும், அது நன்றாகச் சோதிக்கப்பட்டது.

சரி, அந்த ஏற்பி மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏ-வைப் பார்த்தால் போதாதா? அதிலும் கவனம் வேண்டும். சிஜிஆர்பி என்ற பெப்டைடின் ஏற்பி ஒற்றைப் புரதம் இல்லை என்று 1998-ல் தெரியவந்தது. சிஎல்ஆர் என்ற புரதம் ராம்ப்1 என்ற துணைப் புரதத்துடன் சேர்ந்தால் சிஜிஆர்பி ஏற்பி. அதே சிஎல்ஆர் ராம்ப்2-உடன் சேர்ந்தால் அட்ரினோமெடுலின் என்ற வேறு பெப்டைடின் ஏற்பி. சிஎல்ஆரின் எம்ஆர்என்ஏ-வை மட்டும் அளந்து "இங்கே சிஜிஆர்பி ஏற்பி இருக்கிறது" என்று எழுதினால், ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டு வாசலில் இன்னார் வந்திருக்கிறார் என்று சொன்ன மாதிரிதான்.

எனக்குத் திருப்தி தரும் ஆதாரம் மூன்றும் சேர்ந்தது: பெப்டைடு அந்தத் திசுவில் ஒட்டுகிறது, ஏற்பி மரபணு இல்லாத விலங்கில் ஒட்டவில்லை, அந்த ஏற்பியை அடைக்கும் மருந்து கொடுத்தால் திசு செய்யும் வேலை மாறுகிறது. மனிதர்களில் நடுவில் உள்ளது முடியாது, அதனால் மருந்தின் விளைவும் பக்கவிளைவும்தான் பெரிய சாட்சி.

#8 லேபர்வார்டு

22 வருடமாகப் பிரசவ அறையில் செவிலியர். கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் என்ற மூளைப் பெப்டைடை நாங்கள் தினமும் கையாளுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

ஆக்சிடோசினின் வேலையை 1906-ல் டேல் முதலில் கண்டது பூனையின் கர்ப்பப்பையில். அங்கே ஏற்பி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் குறைவு, மாதம் நிறைய நிறையப் பல மடங்காகக் கூடும். நான்காம் மாதக் கர்ப்பப்பைக்கு ஆக்சிடோசின் டிரிப் போட்டால் அவ்வளவாக அசையாது, அதனால்தான் அங்கே வேறு மருந்து. பத்தாம் மாதத்தில் சில சொட்டிலேயே வயிறு கல் மாதிரி இறுகும், கையை வயிற்றில் வைத்துக்கொண்டே சொட்டு எண்ணுவோம். பிரசவ வலி வரவைக்கும் டிரிப் ரொம்ப நேரம் ஓடினால் ஏற்பிகள் சலித்துவிடும், பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தப்போக்கு வரலாம். நீண்ட டிரிப் போன தாயை நான் கூடுதலாகக் கவனிப்பது அதனால்தான்.

மறுநாள் காலை தாய்மார்கள் கேட்பார்கள், "சிஸ்டர், பால் குடுக்கறப்போ அடிவயிறு ஏன் இப்படி இழுக்குது?" குழந்தை உறிஞ்சியதும் மூளையிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்குகிறது. மார்பில் பால் அறைகளைச் சுற்றிய செல்களிலும் ஏற்பி, கர்ப்பப்பைத் தசையிலும் ஏற்பி. ஒரே நேரத்தில் அங்கே பால் வருகிறது, இங்கே வயிறு இழுக்கிறது. இரண்டாம் மூன்றாம் பிரசவத்தில் இந்த இழுப்பு அதிகம். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்குகிறது, நல்லதுதான் என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும்.

இன்னொன்று, அளவு கூடினால் ஆக்சிடோசின் சிறுநீரகத்தில் சிறுநீரைக் குறைக்கும் வாசோப்ரெசின் ஹார்மோனுக்கான வி2 ஏற்பியிலும் போய் ஒட்டும். தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், சோடியம் இறங்கும், வலிப்புகூட வரலாம். நீண்ட டிரிப்பில் வெறும் குளுக்கோஸ் தண்ணீர் கூடாது என்று எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான்.

#9 பிஜி_ரெண்டாம்வருஷம்

நல்ல இழை. ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. சப்ஸ்டன்ஸ் பி ஏற்பி, அதாவது என்கே1, ரத்தக்குழாய்ச் சுவரில் என்று அக்கா சொன்னீர்கள். ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்லிலும் என்கே1 இருக்கிறது, அதன் வழியாகத்தான் ஹிஸ்டமின் வெளியே வந்து தோல் தடிக்கிறது என்று நாங்கள் படித்தோம். பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினேன்.

#10 கண்ணாடித்தட்டு

பழைய பதிப்புகளில் அப்படித்தான் இருந்தது தம்பி. 2015-ல் அது மாறியது. மாஸ்ட் செல்லில் சப்ஸ்டன்ஸ் பி முக்கியமாகப் பிடிப்பது எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற வேறு ஏற்பியை. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில மருந்துகள் ஊசியில் போகும்போது சிலருக்கு உடனே சிவந்து அரிக்கிறதே, ஐஜிஇ என்ற ஆன்டிபாடி வழி வரும் ஒவ்வாமை இல்லாமலே, அதற்கும் இந்த ஏற்பி ஒரு வழி. எலியில் இதற்கு இணையான ஏற்பியை நீக்கியபோது அந்த எதிர்வினை வரவில்லை. நான் மேலே சொன்ன மூன்றில் நடுவில் உள்ள ஆதாரம் இது.

என்கே1 எங்கே வேலை செய்கிறது என்று உங்கள் கையிலேயே பார்க்கலாம். பச்சை மிளகாயை வெறுங்கையால் நிறைய நறுக்குங்கள். எரிச்சல் நரம்பு முனையில் ஆரம்பிக்கிறது, ஆனால் அந்த முனை மூளைக்குச் சேதி அனுப்புவதோடு நிற்பதில்லை. அங்கேயே, தோலுக்குள்ளேயே, சிஜிஆர்பியையும் சப்ஸ்டன்ஸ் பி-யையும் கக்குகிறது. சிஜிஆர்பி சின்னத் தமனிகளின் தசையில் உள்ள ஏற்பியைத் தொட்டதும் குழாய் விரிகிறது: சிவப்பு, சூடு. சப்ஸ்டன்ஸ் பி நுண்சிரைகளின் உட்சுவரில் என்கே1-ஐத் தொட்டதும் சுவர் கசிகிறது: வீக்கம். சிஜிஆர்பி ஏற்பியை அடைக்கும் ஒற்றைத் தலைவலி மருந்துகளைச் சோதிக்கும்போது, தன்னார்வலர்களின் முன்கையில் மிளகாயின் காப்சைசினைத் தடவி, ரத்த ஓட்டம் கூடுகிறதா, மருந்து அதைத் தடுக்கிறதா என்று அளக்கிறார்கள்.

அதே ஒற்றைத் தலைவலியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எலியின் மூளை உறையில் இந்தக் கசிவை என்கே1 அடைப்பான்கள் அருமையாக நிறுத்தின. மனிதர்களுக்குக் கொடுத்தபோது தலைவலி நிற்கவில்லை. சிஜிஆர்பி வழியில் போனவைதான் ஜெயித்தன. 2018-ல் வந்த எரெனுமாப் சிஜிஆர்பி ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடி, அவ்வளவு பெரிய மூலக்கூறு மூளைக்குள் அநேகமாகப் போகாது. தடுப்புக்கு வெளியே உள்ள முக்கிளை நரம்பு (ட்ரைஜெமினல்) முடிச்சு, மூளை உறையின் குழாய்கள், இவைதான் அதற்கு எட்டும் இடங்கள். அதன் பக்கவிளைவு என்ன தெரியுமா? மலச்சிக்கல். குடலிலும் அதே ஏற்பிக்கு வேலை இருக்கிறது என்று நோயாளிகளின் வயிறே சொல்லிவிட்டது.

#11 பிஜி_ரெண்டாம்வருஷம்

திருத்திக்கொண்டேன் அக்கா. நோட்டிலும் மாற்றிவிட்டேன்.

#12 காமாகேமரா

வெண்ணாறு சார், அந்தப் புள்ளி பற்றி ஒன்று. நாளை டாக்டரிடம் கேட்க உதவும். பிறவியிலேயே பலருக்கு மண்ணீரலின் சின்னத் துண்டு ஒன்று தனியாக இருக்கும். சில சமயம் அது கணையத்தின் வாலுக்குள்ளேயே பதிந்துகிடக்கும். மண்ணீரல் திசு என்பதால் எஸ்எஸ்டி2 உண்டு, எங்கள் ஸ்கேனில் கட்டி மாதிரியே மினுங்கும். இந்த ஸ்கேனை எத்தனை முறை எடுத்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலும் அதே ஏற்பிதானே.

ஏற்பியைக் கேட்காத வேறு சோதனை ஒன்று இருக்கிறது. அப்பாவின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சிவப்பணுக்களில் டெக்னீசியம்-99எம் ஏற்றி, 49, 50 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் வைப்போம். அணுக்கள் லேசாகக் கெட்டுப்போகும். திரும்ப உடம்பில் ஏற்றினால், கெட்ட அணுக்களைப் பிடித்துவைக்கிற தன் வழக்கமான வேலையை மண்ணீரல் செய்யும். அந்தப் புள்ளியும் அவற்றைப் பிடித்தால் அது மண்ணீரல் திசு. எம்ஆர்ஐ-யிலும் சில நேரம் தெரிந்துவிடும். எது தேவை என்று டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும்.

#13 வெண்ணாறு

வியாழன் போய் வந்தோம். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே டாக்டர் அதே சிவப்பணு ஸ்கேனை எழுதினார். நேற்று எடுத்தோம். காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரும் வரை அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு பண்ணிட்டு எனக்கே திருப்பிக் குடுப்பாங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்.

இன்று ரிப்போர்ட் வந்தது. கணைய வாலில் அதே இடத்தில், அதே அளவில், மண்ணீரலோடு சேர்ந்து அந்தப் புள்ளியும் தெரிகிறது. துணை மண்ணீரல் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த காலியம் ஸ்கேன் ஒரு வருடம் கழித்து, இந்தப் புள்ளியின் விவரத்தை அப்போது கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு படத்தையும் ஒரே கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, பீரோவில் வைத்தாயிற்று.

கண்ணாடித்தட்டு அக்கா, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மரபணு நீக்கிய எலியின் கதையைச் சொல்லலாமா? அனுமதி கொடுத்தால் திங்கட்கிழமை சொல்கிறேன்.

#14 கண்ணாடித்தட்டு

தாராளமாகச் சொல்லுங்கள் சார். எட்டு மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பாவுக்கு என் வணக்கம்.